பக்கத்து வீட்டுக்குப் போன மருந்துப் பானை

இன்னொரு குளிர்காலத்தை வறண்ட தொண்டையோடு கழிப்பதில்லை என்று வைத்தியர் ஃபாங் யாவ்தெங் சபதம் எடுத்தது ஒரு நோயாளியின் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்.

அந்த நாக்கு ஒரு மது ஆலைத் தொழிலாளியுடையது. நாளெல்லாம் புளித்த சோற்றைப் பிழிந்து, பிழிந்ததை ருசி பார்த்து, பார்த்த ருசியை மறந்துபோய் மறுபடி பார்ப்பவன். அவன் வாயைத் திறந்ததும் அறை முழுக்க ஒரு வாசனை பரவியது. வைத்தியர் நாக்கை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். அப்புறம் மூக்கையும் கிட்டே கொண்டுபோனார். நோயாளி பயந்துவிட்டான்.

"ரொம்ப மோசமா இருக்குங்களா?"

"மோசமா? அடப்பாவி! கொடுத்துவச்ச நாக்குடா உனக்கு!"

வாத்துப்பாலச் சந்தில் ஃபாங் வைத்தியரின் பெயர் பெரிய பெயர். கதவைத் தட்டும் சத்தத்தை வைத்தே தட்டுகிறவருக்கு ஈரலில் கோளாறா நுரையீரலில் கோளாறா என்று சொல்லிவிடுவார். கால்வாயில் ஒரு படகோட்டி இருமினால், படகு பாலத்தைத் தாண்டுவதற்குள் இவர் மருந்தைப் பொட்டலம் கட்டியிருப்பார். கரையோரமாக அவர் நடந்து போனால் மீன்கள் தலையைத் தூக்கி நாக்கை நீட்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. மீனுக்கு நாக்கு உண்டா என்று கேட்கிறவர்கள் அந்தப் பக்கம் போய்ப் பார்க்காதவர்கள்.

இத்தனை பெயரையும் ஒரே விருந்தில் கவிழ்த்துப் போட்டது மது. இலையுதிர்கால நிலா விருந்து, ஊர்க்காவல் தலைவர் வீடு. ஜாடிகள் காலியான பிறகு தலைவர் விளையாட்டாகக் கையை நீட்டி, "நம்ம நாடி என்ன சொல்லுது?" என்றார். ஃபாங் மூன்று விரல்களை வைத்தார். கண்ணை மூடினார். முகத்தில் ஒரு தாய்மை பரவியது.

"தட்டுல முத்து உருள்ற மாதிரி ஓடுது. சந்தேகமே இல்ல. வாழ்த்துகள்! வசந்த காலத்துல குழந்தை பிறக்கும்."

தலைவரின் வயிறு என்னவோ வைத்தியர் பக்கம்தான் சாட்சி சொன்னது. அவருடைய வாள்தான் ஒப்புக்கொள்ளவில்லை. வைத்தியரின் மனைவி ஜின்யூ, புருஷனின் காதைப் பிடித்து இழுத்துப் படகில் போட்டுக்கொண்டு வந்ததால் தலை தப்பியது. காது அப்புறம் பல நாள் சற்று நீளமாகவே இருந்தது.

அன்றோடு மதுவுக்குத் தடை. ஜின்யூ மது காய்ச்சுகிற குடும்பத்துப் பெண். மூன்று சுவருக்கு அப்பால் மூடி திறந்தாலும் மூக்கு சொல்லிவிடும். ஊரில் உள்ள மதுக்கடைகளுக்கெல்லாம் ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்: "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கிண்ணம் ஊத்தினீங்க, உங்க ஜாடியெல்லாம் கால்வாயில மிதக்கும்." அதற்குப் பிறகு ஃபாங் வருவதைப் பார்த்தாலே கடைக்காரர்கள் ஜாடிகளின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

கொடுமை என்னவென்றால், அவர்கள் ஊர் இருந்த ஷாவ்சிங் வட்டாரமே மதுவில் ஊறிக் கிடக்கிற பூமி. அங்கே கோழியை மதுவில் ஊறவைப்பார்கள். நண்டை உயிரோடு மதுவில் போடுவார்கள். நண்டுக்குக் கிடைத்த வாழ்வு வைத்தியருக்குக் கிடைக்கவில்லை.

முதலில் அவர் நேர்வழியில்தான் முயன்றார்.

"ஜின்யூ, இந்தக் கையைத் தொட்டுப் பாரு."

"எதுக்கு?"

"ஜில்லுன்னு இருக்கா? உள்ள இருக்கிற நெருப்பு அணையப் போகுது. குளிர்காலத்துல சிறுநீரகம்தான் உடம்புக்கு அடுப்பு. அடுப்புல சூடு இறங்கிட்டா மனுஷன் என்ன ஆவான்? சூடா ஏதாவது உள்ள போகணும். வேற ஒண்ணுமில்ல, சும்மா ஒரு கிண்ணம்..."

"நாக்கை நீட்டுங்க."

"நாக்கு எதுக்கு?"

"நாக்கைப் பாக்காம மருந்து சொல்றவன் வைத்தியனே இல்லன்னு நேத்துதானே துணிக்கடைக்காரர்கிட்ட கத்தினீங்க? நீட்டுங்க."

வைத்தியம் பார்க்கிற அறைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். இருபது வருஷமாக அவர் நோயாளிகளுக்குச் சொன்னதெல்லாம் அந்தப் பலகை வழியாக வந்து ஜின்யூவின் காதில் சேர்ந்துகொண்டே இருந்தது. அவர் மருந்து சேர்த்துவைத்தார். அவள் வெடிமருந்து சேர்த்துவைத்திருந்தாள்.

நாக்கு வெளியே வந்தது. ஜின்யூ சன்னல் வெளிச்சத்தில் அவர் மோவாயைத் திருப்பிப் பார்த்தாள்.

"நுனி சிவப்பு. நடுவுல மஞ்சளாப் படிஞ்சிருக்கு. இது சூடு. சூட்டுக்குச் சூடு கொடுத்தா வீடு பத்தி எரியும்னு நீங்கதான் சொல்வீங்க. நாளையில இருந்து பச்சைப்பயறுக் கஞ்சி."

"கை ஜில்லுன்னு இருக்கேடி!"

"தண்ணித் தொட்டியில முக்கிட்டு வந்தா ஜில்லுன்னுதான் இருக்கும். அடுத்த தடவை சட்டைக் கையை மடிச்சுவிட்டுட்டு முக்குங்க. பாருங்க, சொட்டுது."

பயறுக் கஞ்சி வந்தது. மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. தன் காதோரத்தில் பயறு முளைவிடுகிறதோ என்று வைத்தியர் அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் அந்த மது ஆலைக்காரன் நாக்கை நீட்டினான். சபதம் பிறந்தது. சபதத்தின் பின்னாலேயே யோசனையும் பிறந்தது. யோசனை கூரையோரமாக, அடுப்புக்கு மேலே, அலமாரியில் உட்கார்ந்திருந்தது. மருந்துப் பானை.

அந்தப் பக்கத்து ஊர்களில் எதை இரவல் கொடுத்தாலும் திருப்பிக் கேட்கலாம், மருந்துப் பானையைத் தவிர. இரவல் வாங்கியவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தால் நோயையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்ததாக அர்த்தம். கொடுத்தவர் தம் வீட்டில் யாராவது நோயில் விழுந்தால் மட்டும் போய் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கும்போது அந்தப் பானை மேல் கைவைக்க எந்தப் பெண்ணும் துணியமாட்டாள். வலியப் போய் நோயை விருந்துக்கு அழைத்த கதையாகிவிடும்.

பக்கத்து வீட்டு தாவ், மனைவியை இழந்தவர், முற்றம் நிறையச் சாடிகள் வைத்துச் சோயா சாறு காய்ச்சி விற்பவர். அந்த முற்றத்தின் ஒரு மூலையில்தான் ஜின்யூவின் கீரை ஊறுகாய்ச் சாடிகளும் இருந்தன. அவள் தினமும் அங்கே போவாள். போனால் கண்ணில் படுகிற மூடிகளையெல்லாம் திறந்து பார்ப்பாள். அவள் திறக்காத மூடி ஒன்று அந்த வீட்டில் இருக்குமானால் அது அவளுடைய சொந்த மருந்துப் பானையின் மூடியாகத்தான் இருக்க முடியும்.

"அண்ணே, உங்களுக்கு இருமல்," என்றார் ஃபாங்.

"எனக்கா? நல்லாத்தானே இருக்கேன் தம்பி?"

"நான் வைத்தியன். எனக்குத் தெரியாதா? கடுமையான இருமல்."

"எப்ப இருந்து?"

"இன்னிக்குச் சாயங்காலத்துல இருந்து. பானை நான் தர்றேன். சரக்கு நீங்க வாங்குங்க. உங்களுக்கு ஊத்த எந்தக் கடைக்காரனும் பயப்பட மாட்டான். பானையில ஊத்தி மூடி வையுங்க. உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி."

தாவ் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக் காட்டினார். வாத்து விக்குவது போலிருந்தது.

"இது போதுமா?"

"வறட்டு இருமலா இருக்கு. கொஞ்சம் சளி சேர்த்துக்குங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். ஜின்யூ பானையை இறக்கிக் கொடுத்தாள்.

"பாவம் தாவ் அண்ணன். குடுங்க, நல்லா ஆகட்டும்." பானையை ஒரு முறை பார்த்தாள், புருஷனை ஒரு முறை பார்த்தாள். "திரும்பி வராத பொருள். பாத்துக் குடுங்க."

அப்புறம் வந்த நாட்களை என்னவென்று சொல்ல! தினமும் சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு வைத்தியர் கருப்புக் கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு, "நோயாளியைப் பாத்துட்டு வர்றேன்," என்று கிளம்புவார். பக்கத்து வீட்டு அடுப்பங்கரையில் நோயாளி கிண்ணங்களைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். பானை இதமாகச் சூடேறியிருக்கும். உப்பு அவரையும் வேர்க்கடலையும் பக்கத்தில் இருக்கும். நடுவில் எப்போதாவது ஜின்யூ ஊறுகாய் எடுக்க வருவாள். தாவ் இருமுவார். வைத்தியர் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். ஜின்யூ பானைக்கு ஒரு முழம் தள்ளியே நடந்து போவாள். அவள் தலை மறைந்ததும் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சோயா சாடிகளில் அலை அடித்தது.

திரும்பி வரும்போது வாயில் கிராம்பு.

"என்னங்க, ஒரே வாசனையா இருக்கு?"

"கிராம்பு. தாவ் அண்ணன் இருமல் எனக்கு ஒட்டிக்கக் கூடாது பாரு."

"அடேயப்பா, என்ன முன்னெச்சரிக்கை!"

"நோய் வந்தப்புறம் விரட்டறவன் சாதா வைத்தியன். வர்றதுக்கு முன்னாலயே வாசல்ல மறிக்கிறவன்தான் மேலான வைத்தியன்."

"மேலான வைத்தியர்தான் நீங்க. கன்னம்கூடச் சிவந்து போச்சு. பயறுக் கஞ்சிக்கு இவ்வளவு மகிமைன்னு நான் நினைக்கவே இல்ல."

வைத்தியர் படுக்கையில் புரண்டு புரண்டு தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார். இருபது வருஷத்தில் முதல் வெற்றி. படைகளை அழித்த தளபதிகளெல்லாம் இந்தப் பெண்பிள்ளையை எதிர்த்து நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் ஜின்யூ கஞ்சியை வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"தாவ் அண்ணன் வீட்டு வாசல் எப்பவும் பளிச்சுன்னு இருக்கு. பொம்பளை இல்லாத வீடுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

வைத்தியருக்குப் பயறு புரையேறிவிட்டது.

சக்கை! மருந்து காய்ச்சினால் சக்கையை வாசலில், தெருவில் கொட்ட வேண்டும். போகிறவர் வருகிறவர் காலால் மிதித்து மிதித்து நோயை நாலு திசைக்கும் கொண்டுபோய்விடுவார்கள். ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். ஊரின் முதல் வைத்தியருக்கு மறந்துவிட்டது! இத்தனை நாள் மருந்து காய்ச்சுகிற வீட்டு வாசலில் ஒரு சிட்டிகைச் சக்கை இல்லை. நல்லவேளை, இவளுக்குச் சந்தேகம் தட்டவில்லை. வாசல் பளிச்சென்று இருக்கிறதாம். அப்பாவி!

மறுநாள் விடியற்காலையில், கால்வாயின் மேல் பனிமூட்டம் பாலாகத் திரண்டிருந்த நேரத்தில், வைத்தியர் பூனை நடை நடந்து வெளியே வந்தார். புதிதாக மருந்து காய்ச்ச நேரமில்லை. அடுப்பு மூட்டினால் ஜின்யூ எழுந்துவிடுவாள். என்ன செய்வது என்று திகைத்துக்கொண்டே சந்துக் கோடிவரை போனார். எண்ணெய்க்கடைக்காரர் வீட்டு வாசலில் சுடச்சுட ஒரு குவியல் சக்கை. யாரோ அப்போதுதான் கொட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். ஆவிகூட அடங்கவில்லை. தெய்வமே கொண்டுவந்து கொட்டியது மாதிரி இருந்தது.

வைத்தியர் குனிந்தார். இரண்டு கையாலும் அள்ளினார். நீளச் சட்டைக் கைக்குள் போட்டுக்கொண்டார். தாவ் வீட்டு வாசலில் அழகாகப் பரப்பிவிட்டார். இரவல் பானை, இரவல் இருமல், இப்போது இரவல் சக்கை. இனி ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து போர்வைக்குள் நுழைந்தபோது ஜின்யூ சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

விடிந்தது. சோயாப் பால்கட்டியான தோஃபு விற்கிற நியே அத்தை காவடிக் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தாவ் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சக்கையைப் பார்க்காமல் தாண்டிப் போகிற பெண் அந்தச் சந்தில் பிறக்கவில்லை. யார் வீட்டில் யாருக்கு என்ன என்று வாசலிலேயே படித்துவிடுவார்கள். நியே அத்தை குனிந்து ஒரு பட்டைத் துண்டை எடுத்தாள். உடைத்தாள். இரண்டு துண்டுக்கும் நடுவே வெள்ளை வெளேரென்று பட்டு நூல் மாதிரி இழுத்தது.

காவடி கீழே இறங்கியது. சந்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

அந்தப் பட்டையைத் தெரியாத தாய் யாருமில்லை. வயிற்றுப் பிள்ளை நழுவாமல் தங்குவதற்குக் காய்ச்சிக் கொடுப்பது. எண்ணெய்க்கடை மருமகளுக்கு அதை எழுதிக் கொடுத்தவரே ஃபாங்தான். பனிமூட்டத்திலும் அவசரத்திலும் தம் மருந்தைத் தாமே அடையாளம் காணவில்லை.

"இது தாவ் வீட்டு வாசல்தானே?"

"ஆமா. மாசமா இருக்கிறவ மருந்து."

"தாவுக்கா?"

"அட இவ ஒருத்தி! உள்ள யாரையோ ஒளிச்சு வச்சிருக்காங்கடி!"

"அதான் வைத்தியர் தினமும் சாயங்காலம் போய்ப் போய் வர்றாரு!"

"வரும்போது வாயில கிராம்பு வேற."

"கிராம்பு எதுக்கு?"

"ஆம்பளை சாயங்காலத்துல வாயை வாசனையா வச்சுக்கிறது எதுக்குடி? தாவ் அண்ணனுக்காகவா?"

அப்புறம் தாவின் தலையில் இருந்த பழி மெல்ல எழுந்து, சுவரைத் தாண்டி, ஃபாங்கின் தலையில் போய் உட்கார்ந்தது. கஞ்சி ஆறுவதற்குள் பாதிச் சந்து வைத்தியர் வீட்டு வாசலில் கூடிவிட்டது. மீதிச் சந்து படகில் வந்துகொண்டிருந்தது.

வைத்தியர் கதவிடுக்கில் பார்த்தார். ஊர்க்காவல் தலைவர் விவகாரம் இதற்கு முன்னால் வெறும் தும்மல். இந்தப் பேச்சு நிலைத்துவிட்டால் இனி எந்த வீட்டுப் பெண் இவர் முன்னால் மணிக்கட்டை நீட்டுவாள்? எந்தப் புருஷன் இவரைப் படியேற விடுவான்? நாக்கும் நாடியும் இல்லாமல் ஒரு வைத்தியர் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? உண்மையைச் சொல்லலாம் என்றால், உண்மை பானைக்குள் இருக்கிறது. தாவோ பயத்தில் இருமலையே மறந்துவிட்டு, தம் வாசலில் ஆரோக்கியமாக நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஜின்யூ கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"காலையிலேயே என்ன கூட்டம்?"

"நாங்க ஒண்ணும் சொல்லலம்மா," என்றாள் நியே அத்தை. "சக்கைதான் சொல்லுது."

ஜின்யூ பட்டையை வாங்கினாள். நூலை இழுத்துப் பார்த்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். வைத்தியருக்குத் தன் நாடி நின்றுவிட்டது தெரிந்தது.

"இது என் மருந்து," என்றாள் ஜின்யூ.

"உனக்கா! இந்த வயசுலயா?"

"பிள்ளைத்தாச்சிக்கு மட்டும்தான் இந்தப் பட்டையா? இடுப்பு வலிக்கும் இதேதான். வைத்தியரையே கேளுங்க. எனக்கு இடுப்புல குளிர் இறங்கிக் கிடக்கு. மருந்து கொதிக்கிற வாசனை எனக்கு ஆகாதுன்னு பாவம் இவரு பக்கத்து வீட்டுல வச்சுக் காய்ச்சுறாரு. சாயங்காலம் போறது அதுக்குத்தான்."

"அப்ப தாவ் இருமறது?"

"அது அவரு சொந்த விஷயம்."

கூட்டம் வெண்ணெயாக உருகியது. "பொண்டாட்டிக்காகத் தினமும் கரி அடுப்புல வேகுற புருஷன் எந்த ஊர்ல இருக்கான்?" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். வைத்தியரின் நெஞ்சில் பேரிகை முழங்கியது. காப்பாற்றிவிட்டாள்! புருஷனை விட்டுக்கொடுக்காத மகராசி! பழியை அவளும் நம்பவில்லை, இப்போது ஊரும் நம்பவில்லை, பானையும் பத்திரமாக இருக்கிறது. வெற்றிமேல் வெற்றி!

அப்போது ஜின்யூ வாசல் முக்காலியில் உட்கார்ந்து மணிக்கட்டை நீட்டினாள்.

"எல்லாரும் இருக்காங்க. இவங்க முன்னாலயே நாடி பாத்து, எனக்கு என்ன நோவு, என்ன மருந்து, எப்படிச் சாப்பிடணும்னு சொல்லிடுங்க. அப்புறம் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது பாருங்க."

வைத்தியர் மூன்று விரல்களை வைத்தார். நாடி சோயா ஆலைச் செக்கு மாதிரி திடமாக இருந்தது. கொஞ்சம் அழுத்தினார். வில்லில் இழுத்துக் கட்டிய நாண் போல விறைத்து நின்றது. ஈரலில் கோபம் சேர்ந்திருந்தால் அப்படித்தான் இருக்கும். வேறு யாருடைய நாடியாக இருந்தாலும் அவர் எச்சரிக்கையாகி இருப்பார். ஆனால் அந்த நொடியில்தான் அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய யோசனை அவர் தலையில் வந்து இறங்கியது.

வீட்டில் நோயாளி இருந்தால் பானை வீட்டுக்கு வரலாம். பானை வந்தால் உள்ளே இருப்பதும் வரும். மருந்தே அதுதான் என்று சொல்லிவிட்டால்? இவளுக்கோ மது வாசனை பட்டாலே மூஞ்சி சுருங்கும். நாக்கில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு வைத்துவிடுவாள். மிச்சம்? மிச்சம் சொந்த வீட்டில், சொந்த அடுப்பங்கரையில், பட்டப்பகலில்!

தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலில் கால்வாய் வாத்துகள் நீந்துவதை நிறுத்தின.

"குளிர் எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கு. தண்ணியில காய்ச்சின மருந்து இடுப்புவரை நடந்து போறதுக்குள்ள பீச் மரம் காய்ச்சுடும். இதுக்கு மருந்தை மதுவுல போட்டுத்தான் காய்ச்சணும். மதுவுல ஏறின மருந்து குதிரையில போகும்."

"மதுவா!" ஜின்யூ முகத்தைச் சுளித்தாள். "ஐயய்யோ, என்னால ஆகாது."

"ஆகணும்."

"எத்தனை நாளைக்கு?"

"பீச் மரம் பூக்கிற வரைக்கும். தினமும் சாயங்காலம் ஒரு கிண்ணம்." வைத்தியர் சற்று யோசித்தார். தம் தொண்டையை நினைத்துக்கொண்டார். "இல்ல, ரெண்டு கிண்ணம்."

"ஒண்ணு போதாதா?"

"இங்க வைத்தியர் யாரு? நீயா, நானா?"

சந்தே கைதட்டிச் சிரித்தது. இருபது வருஷத்தில் ஜின்யூ தலைகுனிந்து வாயடைத்துப் போனதை யாரும் பார்த்ததில்லை. வைத்தியர் ஒரு விரற்கடை உயர்ந்தார்.

"யாரு காய்ச்சறது?"

"நானே. எடுத்தவுடனே பெருந்தீ, அப்புறம் சிறுதீ. மண் பானைதான், உலோகம் படக் கூடாது. வேற யாரையும் நம்பி விட முடியாது."

"நான் பாதி குடிச்சிட்டு மிச்சம் வச்சா?" என்றாள் ஜின்யூ, குழந்தை மாதிரி. "வீணாப் போகாம வேற யாராவது குடிக்கலாமா?"

வைத்தியர் வாயைத் திறந்தார். ஆனால் நியே அத்தை முந்திக்கொண்டாள்.

"நல்லாக் கேட்டே போ! போன வருஷம் என் மருந்துல எங்க வீட்டுக்காரர் ஒரே ஒரு வாய் குடிச்சதுக்கு இவரு கத்தின கத்தல்ல என் தோஃபு உடைஞ்சு போச்சு! ஒரு உடம்புக்குச் சொன்ன மருந்து இன்னொரு உடம்புல போனா விஷம்னாரு. கதவுல பலகையே மாட்டி வச்சிருக்காரே!"

எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். பலகை அங்கேதான் இருந்தது. எழுத்து அவருடையது. அழகான எழுத்து.

"அப்படித்தானே வைத்தியரே?"

"ஆ... மாம்," என்றார் ஃபாங். மீன் முள் மாதிரி வந்தது அந்தச் சொல்.

போகட்டும். ஊர் அடுப்பங்கரைக்குள் வந்தா உட்கார்ந்துகொள்ளப் போகிறது? பலகை வெளியே. பானை உள்ளே.

பானை ஊர்வலம் கிளம்பியது. வழக்கப்படி அவரே போய் எடுத்தார். தாவ் காலையில் நிரப்பியது, மூடி வரை ததும்பிக்கொண்டிருந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் நடந்து வர, இரண்டு பக்கமும் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். மணப்பெண் பல்லக்குக்குக்கூட அந்தச் சந்தில் அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை. மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மது அவர் வீட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனது. கூரையில் ஏறி நின்று கூவ வேண்டும் போலிருந்தது அவருக்கு.

சாயங்காலம் வந்தது. வைத்தியர் அடுப்பு முன்னால் உட்கார்ந்து விசிறினார். பானையில் இஞ்சி போட்டார், அந்தப் பட்டையைப் போட்டார், காய்ந்த இலந்தைப் பழங்களை நிறையவே போட்டார். வாசனை எழுந்தது. சுவரில் ஒட்டியிருந்த அடுப்பு தெய்வத்தின் படம் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டதை அவர் தம் கண்ணால் பார்த்தார்.

இரண்டு கிண்ணம் ஊற்றி மனைவி முன்னால் வைத்தார்.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வாய் குடி. முடியலன்னா கஷ்டப்படாதே. வச்சிடு. நான் பாத்துக்கறேன்."

ஜின்யூ மூக்கைப் பிடிக்கவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். விளக்குக்கு நேரே தூக்கி நிறம் பார்த்தாள். மெல்லச் சுழற்றினாள். ஒரு சிறு மடக்கு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். அப்புறம் நிதானமாக, நிறுத்தாமல், கிண்ணம் கவிழும் வரை குடித்தாள். இரண்டாவதும் அந்த வழியே போனது. கிண்ணத்தைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை.

"கிழக்குக் கரை ஆலைச் சரக்கு. போன அறுவடை அரிசி. அவசரப்பட்டு ஜாடி முத்திரையை உடைச்சிருக்காங்க. நாளைக்கு எங்க அப்பா வீட்டுல வாங்கச் சொல்லுங்க தாவ் அண்ணனை."

வைத்தியரின் விசிறி கீழே விழுந்தது.

"உனக்கு... உனக்கு மது பிடிக்காதே!"

"யாரு சொன்னா?"

"வாசனை வந்தாலே மூஞ்சியைச் சுளிப்பியே!"

"உங்க வாயில இருந்து வந்தா சுளிப்பேன். மது என்ன பண்ணும், பாவம்." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நான் பொறந்தன்னிக்கு எங்க அப்பா மண்ணுல ஜாடி புதைச்சு வச்சாரு. கல்யாணத்தன்னிக்குத் தோண்டி எடுத்தாரு. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அந்த மாதிரி மது அதற்குப் பிறகு அவர் நாக்கில் பட்டதே இல்லை.

"எனக்குன்னு புதைச்சது. உங்க சனம் எல்லாரும் குடிச்சாங்க. படகுக்காரன் குடிச்சான். முதல் கிண்ணம் நீங்க குடிச்சீங்க, கடைசிக் கிண்ணமும் நீங்கதான் குடிச்சீங்க. எனக்கு ஒரு வாய் நீட்டணும்னு ஒருத்தருக்கும் தோணல. இருபது வருஷம் ஆச்சு. இடுப்புல குளிர் இறங்காம என்ன செய்யும்?"

வைத்தியர் குனிந்து விழுந்த விசிறியை எடுத்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலம் எப்படிப் போகப்போகிறது என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரியாதது ஒன்றுதான்: அந்த வார முடிவுக்குள் நியே அத்தை தொடங்கி வாத்துப்பாலச் சந்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் இடுப்பில் குளிர் இறங்கும், அத்தனை பேரும் வந்து இதே மருந்து கேட்பார்கள், மறுக்க வழியில்லாமல் இவர் சொல்லித் தொலைப்பார், சாயங்காலமானால் சந்து முழுக்க மனைவிமார் கால் நீட்டி உட்கார்ந்திருக்க, புருஷன்மார் வரிசையாக அடுப்பு விசிறுவார்கள், விசிறியபடியே வைத்தியர் வீட்டுப் பக்கம் பார்த்துப் பல்லைக் கடிப்பார்கள். ஊர்க்காவல் தலைவரே விசிறினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அது அப்புறம். அன்று சாயங்காலம் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டுப் பார்த்தார்.

"ஜின்யூ... ஒரே ஒரு வாய்?"

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினார்.

"நுனி சிவப்பு. உங்களுக்குக் கஞ்சி அந்தச் சட்டியில இருக்கு."

அவள் எழுந்து கிண்ணங்களைக் கழுவப் போனாள். வைத்தியர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். மது இல்லை. அடியில் சக்கை இருந்தது. சக்கையின் நடுவே இலந்தைப் பழங்கள், மதுவைக் குடித்துக் குடித்து, கைக்குழந்தையின் கன்னம் மாதிரி உப்பிப் பளபளத்துக்கொண்டிருந்தன. அவர் மூளை மறுபடி விழித்துக்கொண்டது. மருந்தைத்தான் இன்னொருவர் குடிக்கக் கூடாது. சக்கையைப் பற்றிப் பலகையில் ஒரு எழுத்தும் இல்லை! ஒரு பெண்பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் எங்கேயாவது ஒரு ஓட்டை விடத்தான் செய்வாள். வெற்றிச் சிரிப்போடு அவர் கை மெல்லப் பானைக்குள் இறங்கியது.

"சக்கையை இப்பவே வாசல்ல கொட்டிட்டு வந்துடுங்க," என்றாள் ஜின்யூ திரும்பிப் பார்க்காமலே. "நம்ம வீட்டுச் சக்கையைத்தான் சொல்றேன், விடியக்காலையில எண்ணெய்க்கடை வாசல்ல போய் அள்ளிட்டு வந்துடாதீங்க."